செஞ்சியில் ஒரு கடலை மிட்டாய்க் கடை: திறப்பு நாளுக்கு முன்

செஞ்சிக் கோட்டையைக் காணச் செல்வோர் இராசகிரி மலையின் ஏற்றத்தையும் கலியாண மகாலின் அழகையும் சாதத்துல்லா கான் பள்ளிவாசலின் அமைதியையும் வியந்து பேசுவர். அங்குள்ள பெரிய தானியக் களஞ்சியத்தைக் கடந்து செல்லும்போது ஒரு கணம் நின்று எண்ணுவோர் சிலரே. முகலாயப் படை 1690 முதல் 1698 வரை, இடைவெளிகளுடன் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் இக்கோட்டையை முற்றுகையிட்டது. முற்றுகை வந்த பின்னர் நெல் சேர்க்க இயலாது. பகைவர் வருமுன்னரே சேர்த்தாக வேண்டும். அரணின் வலிமை மதிலில் மட்டுமன்று, முன்கூட்டிய ஆயத்தத்திலும் உள்ளது என்பதற்கு அக்களஞ்சியம் சான்று.

நாடு காக்கும் கோட்டைக்குப் பொருந்தும் இவ்வுண்மை நாலடி அகலமுள்ள தின்பண்டக் கடைக்கும் பொருந்தும். நம் பகுதியில் ஆண்டுதோறும் எத்தனையோ சிறு கடைகள் வாழைமரம் கட்டித் திறக்கப்படுகின்றன. அவற்றுள் பல, கட்டிய தோரணத்தின் நினைவு மறையுமுன்னரே பூட்டப்படுகின்றன. அவற்றோடு தாயின் நகையும் தந்தையின் சேமிப்பும் இளைஞனின் ஊக்கமும் சேர்ந்து போகின்றன. உழைப்பின்மையே இதற்குக் காரணம் எனக் கூறுதல் அறமாகாது. ஆயத்தமின்மையே பெரும்பாலும் காரணம். ஆகவே, செஞ்சியிலும் அதன் வடபால் உள்ள சீயமங்கலம் போன்ற ஊர்களிலும் எளிதில் கிடைக்கும் வேர்க்கடலையைக் கொண்டு ஒரு சிறிய கடலை மிட்டாய்க் கடை திறக்க எண்ணும் பட்டதாரி ஒருவர், திறப்பு நாளுக்கு முன் என்னென்ன அறிந்திருக்க வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

ஒரு பண்டம், ஒரு பெயர்

பலவகைப் பண்டங்களை அடுக்கி வைத்தால்தான் வாடிக்கையாளர் வருவர் என்பது பொதுவான நம்பிக்கை. தமிழகத்தின் புகழ்பெற்ற சிறு கடைகளின் வரலாறு இதற்கு மாறானது. திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே உள்ள இருட்டுக்கடை, அல்வா என்னும் ஒரே பண்டத்தால் உலகறியப் பெற்றது. மதுரை விளக்குத்தூண் அருகே 1977-ஆம் ஆண்டில் ஷேக் மீரான் தொடங்கிய கடை, பாலும் பாதாம் பிசினும் நன்னாரியும் கலந்த ஜிகர்தண்டா என்னும் ஒரே பானத்தை அந்நகரின் அடையாளங்களுள் ஒன்றாக்கியது. ஒரே பண்டத்தை நாள்தோறும் செய்பவருக்குக் கை பழகுகிறது, சரக்கு தேங்குவதில்லை, வாங்குவோர் நினைவில் பெயர் நிற்கிறது. சிறு முதலுடையோருக்கு இம்மூன்றுமே செல்வம்.

கடலை மிட்டாய்க்கு வழிகாட்டும் ஊர் கோவில்பட்டி. அவ்வூரின் உற்பத்தியாளர்களும் விற்பனையாளர்களும் சங்கமாகக் கூடி 2014-இல் விண்ணப்பித்து, 2020 ஏப்ரலில் புவிசார் குறியீடு பெற்றனர். திருவில்லிபுத்தூர் பால்கோவா 2019-இலும் மணப்பாறை முறுக்கு 2023-இலும் அப்பேற்றை அடைந்தன. புவிசார் குறியீடு என்பது வெறும் பாராட்டுப் பத்திரமன்று. ஊர்ப்பெயரைப் பிறர் பயன்படுத்துவதைத் தடுக்கும் சட்டக் காவல். ஆகவே செஞ்சியில் கடை திறப்பவர், விற்பனை பெருகும் என எண்ணித் தம் உறையின்மேல் கோவில்பட்டியின் பெயரை அச்சிடுதல் கூடாது. அதற்குத் தேவையும் இல்லை. சீயம் என்பது சிங்கத்தைக் குறிக்கும் பழஞ்சொல். சீயமங்கலத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த கோயிலைக் கல்வெட்டு அவனிபாசன பல்லவேச்சுரம் எனக் குறிக்கும். ஆயிரத்து நானூறு ஆண்டுப் பழமையுடைய ஊரின் பெயர் ஒரு சிறு கடைக்குப் போதாதா? பிறர் ஊரின் புகழை இரவல் பெறுவதினும் தம் ஊரின் பெயரை உழைப்பால் உயர்த்துவதே சிறப்பு.

மண்ணும் மல்லாட்டையும்

வேர்க்கடலை தென்னமெரிக்காவில் தோன்றிய பயிர். கடல் வணிகத்தின் வழியாக நம் நாட்டை அடைந்தது. நம் பகுதி மக்கள் இதனை மணிலாக் கொட்டை என்றும் மல்லாட்டை என்றும் வழங்குவர். பிலிப்பைன்சின் மணிலா நகரின் பெயர் நம் உழவர் நாவில் இவ்வாறு நிலைத்துவிட்டது. பழைய தென்னார்க்காடு, வடார்க்காடு மாவட்டங்களின் செம்மண் மானாவாரி நிலங்களில் இப்பயிர் நன்கு வேரூன்றியது. வேர்க்கடலை வகைகளின் பெயரில் வரும் டி.எம்.வி. என்னும் எழுத்துகள் திண்டிவனத்தைக் குறிப்பவை. அங்குள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான வகைகள் நாட்டின் பல மாநிலங்களுக்கும் சென்றன. இத்தகைய பெருமையுடைய பகுதியிலிருந்து கடலை மூட்டையாகவே வெளியேறுகிறது. எண்ணெயாகவும் மிட்டாயாகவும் மாறி, விலை உயர்ந்து, நம் ஊர்க் கடைகளுக்கே திரும்பி வருகிறது. இடையில் விளையும் ஊதியம் நம் இளைஞரிடம் தங்குவதில்லை. கடை திறக்கும் எண்ணத்திற்கு இதைவிட வலிய காரணம் வேண்டுவதில்லை.

கடலையை எப்போது வாங்குவது என்பதே முதல் தேர்வு. ஆடி மாதத்தை ஒட்டி விதைக்கும் மானாவாரிக் கடலை ஐப்பசி, கார்த்திகையில் அறுவடைக்கு வரும். அப்போது வடகிழக்குப் பருவமழை பெய்து கொண்டிருக்கும். மார்கழிப் பட்டத்தில் இறவையில் பயிரிடும் கடலை பங்குனி, சித்திரையில் வரும். அப்போது களத்தில் நல்ல வெயில் இருக்கும். வெயிலில் காய்ந்த கடலை சேமிப்புக்கு ஏற்றது. மழையில் நனைந்து நிழலில் உலர்ந்தது ஏற்றதன்று. ஆண்டிருப்பைப் பங்குனி, சித்திரையில் சேர்ப்பவர் பாதி வெற்றி பெற்றவர். செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்குப் பலமுறை சென்று, ஏலம் நடைபெறும் முறையையும், மாதந்தோறும் விலை ஏறி இறங்கும் போக்கையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருதல் நன்று. தோலோடு கூடிய கடலையை உடைத்தால் நூறு கிலோவில் ஏறத்தாழ எழுபது கிலோ பருப்பே கிடைக்கும் என்பதையும் விலை பேசுமுன் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

கண்ணுக்குப் புலப்படாத பகை

1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஏறத்தாழ ஓர் இலட்சம் வான்கோழிக் குஞ்சுகள் மாண்டன. காரணம் புரியாமல் அறிஞர் திகைத்தனர். அவற்றுக்கு ஊட்டப்பட்ட கடலைப் பிண்ணாக்கில் ஒருவகைப் பூஞ்சை உண்டாக்கிய நஞ்சு இருந்தமை பின்னர்க் கண்டறியப்பட்டது. அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் அப்பூஞ்சையின் பெயரிலிருந்தே அந்நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்னும் பெயர் அமைந்தது. தொடர்ந்து உடலிற் சேருமாயின் இது கல்லீரலைத் தாக்கும், புற்றுநோய்க்கும் காரணமாகும். வறுத்தால் நஞ்சு முற்றும் அழிந்துவிடும் என எண்ணுவது தவறு. சூட்டிற்கு எளிதில் சிதையாதது அது.

உண்ணத்தக்க நிலையில் விற்கப்படும் கடலைக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் விதித்த உச்ச வரம்பு, ஒரு கிலோவுக்குப் பத்து மைக்ரோகிராம். நூறு கோடிப் பங்கில் பத்துப் பங்கு என்றால் அதன் நுண்மை விளங்கும். கண்ணாலும் நாவாலும் இதனை அளக்க இயலாது, ஆய்வுக்கூடமே அளக்கும். ஆயினும் தடுக்கும் வழி எளியது. பருப்பின் ஈரப்பதம் ஏழு, எட்டு விழுக்காட்டுக்கு மேற்படாமல் உலர்த்த வேண்டும். மூட்டைகளைத் தரையிலும் சுவரிலும் படாமல் மரச்சட்டத்தின்மேல் அடுக்க வேண்டும். சுருங்கியவை, நிறம் மாறியவை, பூச்சி துளைத்தவை, பூஞ்சை படர்ந்தவை ஆகியவற்றைக் கையால் பொறுக்கி நீக்க வேண்டும். பொறுக்கும் கூலியை மிச்சம் பிடிப்பவர் பிறர் குழந்தைகளின் நலத்தை அடகு வைப்பவர். நீக்கிய சொத்தைக் கடலையை எண்ணெய்க்கோ மாட்டுத் தீவனத்திற்கோ விற்றுவிடுவதும் நேர்மையன்று; நஞ்சு வேறொரு வழியில் நம்மிடமே திரும்பும்.

பாகின் பதம், மழையின் சோதனை

கடலை மிட்டாய் செய்முறை எளிது போலத் தோன்றும். பருப்பை ஒரே சீராக வறுத்து, தோல் நீக்கி, வெல்லப்பாகில் கலந்து, தட்டில் பரப்பி, உருளையால் அழுத்தி, சூடு ஆறுமுன் வில்லைகளாக்க வேண்டும். அருமை முழுவதும் பாகில் உள்ளது. கொதிக்கும் பாகில் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு எடுத்து, ஒடித்தால் ஓசையோடு உடைய வேண்டும். பதம் முந்தினால் மிட்டாய் பல்லில் ஒட்டும்; பிந்தினால் கசக்கும். வெல்லத்தின் தன்மை ஆலைக்கு ஆலை வேறுபடுவதால் பதமும் வேறுபடும். பளிச்சென்ற மஞ்சள் நிறத்திற்காக வேதிப்பொருள் மிகுதியாகச் சேர்த்த வெல்லத்தைத் தவிர்த்து, கரும்புக் கொட்டகைக்கு நேரில் சென்று காய்ச்சும் முறையைக் கண்டு வாங்குதல் நலம்.

ஈண்டு ஒரு முதன்மையான கருத்தைக் கூற வேண்டும். வெல்லம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. சித்திரை வெயிலில் கலகலவென்று உடையும் மிட்டாய், ஐப்பசி மழையில் கசிந்து உறையோடு ஒட்டிக்கொள்ளும். கடலையிலுள்ள எண்ணெயோ கோடை வெப்பத்தில் விரைந்து காறிவிடும். ஆகவே ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் கண்ட பின்னரே கடை திறத்தல் வேண்டும். சித்திரையில் செய்முறைப் பயிற்சியைத் தொடங்கி, ஒவ்வொரு முறை செய்ததிலும் சில பொட்டலங்களுக்குத் தேதியிட்டு எடுத்து வைத்து, வாரம் ஒன்றாகப் பிரித்துச் சுவையும் மணமும் உடையும் தன்மையும் எவ்வாறு மாறின எனக் குறித்து வர வேண்டும். எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்பதை உறையில் அச்சிடுமுன் இக்குறிப்பேடே நமக்குச் சொல்லும். கார்த்திகை அடைமழையிலும் நிற்கும் உறையையும் பதத்தையும் கண்டவர், தை பிறந்ததும் துணிந்து கடை திறக்கலாம். இவ்வொன்பது மாதக் காத்திருப்பு வீண் காலமன்று. வாடகை தராமல் கற்கும் காலம்.

இடமும் நாளும்

செஞ்சி திண்டிவனத்திற்கும் திருவண்ணாமலைக்கும் இடையே அமைந்த ஊர். முழுநிலவு நாளில் திருவண்ணாமலைக்கும், அமாவாசையில் மேல்மலையனூருக்கும் செல்லும் கூட்டம் இவ்வழியே மிகும். 2025 சூலையில் யுனெஸ்கோ நிறுவனம் அறிவித்த மராட்டியப் படைத்துறை நிலக்காட்சிகள் என்னும் உலக மரபுச் சின்னத் தொகுதியின் பன்னிரண்டு கோட்டைகளுள், தமிழகத்தைச் சேர்ந்தது செஞ்சி ஒன்றே. ஆயினும் வழிப்போக்கரை மட்டும் நம்பிக் கடை வைத்தல் ஆகாது. அவர் ஒருமுறை வாங்குவார். ஊரார் நூறுமுறை வாங்குவர். பள்ளிப் பிள்ளைகளின் ஐந்து ரூபாய் வில்லை நாள்தோறும் கல்லாவைக் காக்கும். பயணியர் வாங்கும் அரைக்கிலோ பொட்டலம் திருநாள் வரவாக அமையும். கடைக்கு இடம் பார்ப்போர் அமாவாசை, சந்தை நாள், வெறும் வேலை நாள் ஆகிய மூன்றிலும் அவ்விடத்தில் சில மணி நேரம் நின்று, கடந்து செல்வோரை எண்ணிப் பார்த்த பின்னரே முன்பணம் கொடுக்க வேண்டும்.

கணக்கு

கணக்கைத் தெளிவாக்க ஓர் எடுத்துக்காட்டு காண்போம். விலைகள் விளக்கத்திற்காகக் கொண்டவையே. ஒரு நாளைக்குப் பத்துக் கிலோ பருப்பு, கிலோ 120 ரூபாய் வீதம் 1,200 ரூபாய். ஆறு கிலோ வெல்லம், கிலோ 60 ரூபாய் வீதம் 360 ரூபாய். ஆக 1,560 ரூபாய். வறுத்துத் தோல் நீக்கினால் பருப்பு ஒன்பது கிலோவாகும் எனக் கொண்டால், மிட்டாய் பதினைந்து கிலோ. கிலோவுக்கு அடக்க விலை 104 ரூபாய் எனக் கணக்கிட்டு, 160 ரூபாய்க்கு விற்றால் நாளொன்றுக்கு 840 ரூபாய் ஊதியம் என்று புதியவர் மகிழ்வார்.

அவர் மறந்தவை பல. எரிவாயு 140, இருவர் கூலி 800, உறையும் அச்சும் 250, வாடகையும் மின்கட்டணமும் நாட்பங்காக 350. இவை 1,540 ரூபாய். மொத்தச் செலவு 3,100 ரூபாய். உதிரியும் சுவை பார்க்கக் கொடுத்ததும் ஒரு கிலோ போக, விற்கக் கிடைப்பது பதினான்கு கிலோ. உண்மையான அடக்க விலை கிலோவுக்கு ஏறத்தாழ 221 ரூபாய். 160 ரூபாய்க்கு விற்றால் வரவு 2,240. இழப்பு 860 ரூபாய். கல்லாவில் நாள்தோறும் பணம் புழங்குவதால் இவ்விழப்பு முதல் மாதத்தில் கண்ணுக்குத் தெரியாது. மூன்றாம் மாதத்தில் கடலை வாங்கப் பணம் இராது, அப்போதுதான் தெரியும்.

இதே இருவர் அதே அடுப்பில் இருபது கிலோ பருப்பைக் கையாள இயலுமாயின், கூலியும் வாடகையும் மாறா. பொருட்செலவும் எரிவாயுவும் உறையும் இரட்டித்து, மொத்தம் 5,050 ரூபாய். விற்கக் கிடைப்பது 28 கிலோ. அடக்க விலை ஏறத்தாழ 180 ரூபாயாகக் குறையும். ஆனால் 28 கிலோவும் விற்றால்தான் இக்கணக்கு மெய்யாகும். விற்பனையை அறியாமல் உற்பத்தியைப் பெருக்குவது இழப்பைப் பெருக்குவதே. இக்கணக்கில் உரிமையாளரின் சொந்த உழைப்புக்கு ஊதியம் சேர்க்கப்படவில்லை என்பதையும் மாணவர் நோக்குக. தம் கூலியைத் தாமே எழுதாத வணிகர், தம் குடும்பத்தின் பசியைக் கணக்கில் எழுதாதவர்.

சட்டமும் துலாக்கோலும்

உணவு விற்கும் எவரும், வீட்டு அடுப்பில் செய்து விற்பவராயினும், 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின்படி பதிவோ உரிமமோ பெறுதல் வேண்டும். சிறு வணிகருக்குப் பதிவுச் சான்று போதும். ஆண்டு விற்பனை வரம்பைக் கடந்தால் உரிமம் வேண்டும். பதினான்கு இலக்கப் பதிவு எண்ணை உறையில் அச்சிட வேண்டும். சான்றிதழைக் கடையில் வாடிக்கையாளர் காணுமாறு மாட்ட வேண்டும். உறையின்மேல் பண்டத்தின் பெயர், சேர்பொருள்கள், நிகர எடை, அனைத்து வரிகளும் உட்பட்ட உச்ச விலை, செய்த நாள், பயன்படுத்தத்தக்க காலம், செய்தவர் முகவரி ஆகியன இடம்பெற வேண்டும். வேர்க்கடலை சிலருக்கு உயிருக்கே ஊறு செய்யும் ஒவ்வாமையை உண்டாக்குவதால் அதனையும் தெளிவாகக் குறித்தல் வேண்டும். அச்சிட்ட செய்தித்தாளில் தின்பண்டம் மடித்துக் கொடுப்பது பழைய வழக்கம். மையிலுள்ள நச்சுப்பொருள் உணவில் சேர்வதால் அதனைக் கைவிட வேண்டும்.

எடைத் தராசுக்கு உரிய காலத்தில் அரசு முத்திரை பெறுதல் சட்டத்தின் கட்டளை. மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வேண்டும். ஆயினும் முத்திரைக்கு முந்தையது மனச்சான்று. கொள்ளும்போது மிகுதியாகப் பெறாமலும் கொடுக்கும்போது குறைக்காமலும் வாழ்ந்த வணிகரைப் பட்டினப்பாலை போற்றுகிறது. அளவையில் மோசம் செய்வோரைக் கண்டிக்கும் திருக்குர்ஆனின் 83-ஆம் அத்தியாயம் அவர்தம் பெயராலேயே வழங்குகிறது. உழவரிடம் கடலை வாங்கும் தராசும் குழந்தைக்கு மிட்டாய் நிறுக்கும் தராசும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும்.

முதல்

பொறிகளை முதலிலேயே வாங்கிக் குவித்தல் பலரை வீழ்த்திய பிழை. முதல் ஆண்டுக்கு நல்ல வறுகலன், அடி கனத்த பாத்திரம், தட்டு, உருளை, தராசு, உறை ஒட்டும் சிறு கருவி ஆகியன போதும். கைப்பணத்தில் ஒரு பகுதியை, விற்பனையே இல்லாவிடினும் ஆறு மாத வாடகை தருமாறு தனியே ஒதுக்கி வைத்தல் வேண்டும். அதுவே அக்கடையின் களஞ்சியம். சிறு உணவுத் தொழில்களை முறைப்படுத்த நடுவண் அரசு 2020-இல் தொடங்கிய திட்டத்தில், திட்டச் செலவில் 35 விழுக்காடு, பத்து இலட்சம் ரூபாய் வரை மானியம் வகுக்கப்பட்டது. இத்தகைய திட்டங்கள் கால வரையறையுடையன, விதிகளும் மாறுவன. விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் உள்ளவற்றை மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேட்டறிய வேண்டும். மானியம் கிடைக்கிறது என்பதற்காகத் தொழில் தொடங்கலாகாது. தொழில் நிற்கும் எனக் கணக்கு காட்டிய பின்னரே மானியம் நாட வேண்டும். உணவுப் பதப்படுத்தலில் முறையான பயிற்சி பெற விரும்புவோர் தஞ்சாவூரிலுள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தை அணுகலாம்.

நிறைவாக

இவ்வளவும் கடலை மிட்டாய்க்கா என்று சிலர் நகைக்கலாம். பட்டம் பெற்றவன் பாகு காய்ச்சுவதா என்று வேறு சிலர் வருந்தலாம். ஈரப்பதத்தை அளக்கவும், அடக்க விலையைப் பிரித்துக் காணவும், சட்டத்தைப் படித்துணரவும், உறையில் பிழையின்றி நாலு வரி எழுதவும் கல்வியே துணை செய்கிறது. கற்றவர் கை படாததால்தான் நம் கடலை இன்னும் மூட்டையாகவே லாரி ஏறுகிறது.

பெரியோர்கள் பண உதவி செய்ய முன்வருமுன், இளைஞரிடம் கடையின் பெயர்ப்பலகையைக் காட்டச் சொல்ல வேண்டா. ஒன்பது மாதக் குறிப்பேட்டைக் காட்டச் சொல்லுங்கள். அதில் சித்திரையின் வெயிலும் கார்த்திகையின் மழையும் எழுதப்பட்டிருந்தால், கெட்டுப்போன பொட்டலங்களின் எண்ணிக்கை மறைக்கப்படாமல் குறிக்கப்பட்டிருந்தால், அவரை நம்பலாம். தை மாதத்து முதல் வில்லையை அவரிடம் விலை கொடுத்தே வாங்குங்கள். இலவசமாகப் பெறும் வாழ்த்தைவிட, காசு கொடுத்து வாங்கி, பிடித்திருந்தால் மறுநாளும் வரும் வாடிக்கையாளரே ஒரு புதிய கடைக்குச் சிறந்த வாழ்த்து.